சிறையிலிருந்து வந்த மறுநாளே புதுப்பாட்டு: கூச்சி மேன் அதை எப்படிச் செய்தார்? நடைமுறை விவரம் வேண்டும்

தெற்கத்தி_ட்ராப்:

2016 மே 26 அன்று இண்டியானாவின் டெர்ரி ஹோட் ஃபெடரல் (மத்திய அரசு) சிறையிலிருந்து அட்லாண்டா ராப்பர் கூச்சி மேன் வெளியே வருகிறார். மறுநாளே புதுப்பாட்டு. ஜூலை 22-இல் முழு ஆல்பம், பில்போர்டு 200 ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடம். அன்று இரவே அட்லாண்டா ஃபாக்ஸ் தியேட்டரில் கச்சேரி. நவம்பரில் ரே ஷ்ரெமர்ட் என்ற ராப் ஜோடியோடு சேர்ந்து பாடியது ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் முதலிடம்.

இன்னொரு பக்கம் நியூயார்க் ராப்பர் பாபி ஷ்முர்டா. 2014 கோடையில் அமெரிக்காவே அவர் பாட்டுக்கு ஆடியது. 2021 பிப்ரவரி 23-இல் வெளியே வந்தார், முதல் புதுப்பாட்டு வர செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குள் அலை அடங்கிவிட்டது.

"திறமை", "ரசிகர் பலம்" என்கிற பதில் வேண்டாம், இரண்டு பேருக்கும் அது இருந்தது. உள்ளே இருக்கும்போது சட்டப்படி என்ன செய்யலாம், போனில் பதிவு செய்தால் தேறுமா, வெளியே வந்தால் என்னென்ன நிபந்தனை, ஒப்பந்தமும் ராயல்டியும் என்ன ஆகும், இதெல்லாம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். அமெரிக்க நிலவரம் மட்டும் போதும்.

டேப்_பெட்டி:

நீங்கள் சொன்ன இரண்டு பேரின் வேறுபாடு சிறைக்குப் போகும் முன்பே முடிவாகிவிட்டது.

பாபி எபிக் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளோடு (இசை வெளியீட்டு நிறுவனம்) கையெழுத்துப் போட்டது 2014 ஜூலை. கைதானது அதே டிசம்பர். நடுவில் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் ஷோ, பேட்டி என்று ஓடியது. சேமிப்பில் பாட்டு இல்லை. கூச்சி 2005-இலிருந்து கிட்டத்தட்ட தினமும் பதிவு செய்தவர். 2013 செப்டம்பரில் கைதாகும்போது அவருடைய இன்ஜினியர் ஷான் பெய்னிடம் வெளிவராத வெர்ஸ்கள் (பாட்டில் ராப் பாடும் பகுதிகள்) குவிந்து கிடந்தன. சிறையில் இருந்த காலத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட மிக்ஸ்டேப், ஆல்பம் வெளியானது அதிலிருந்துதான். கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆள் இல்லை, ஆனால் பெயர் பட்டியலில் இருந்தது. தரம் ஏற்ற இறக்கம்தான், பல வெர்ஸ்கள் பழைய பீட்டிலிருந்து (பின்னணி இசை) எடுத்து வேறு பீட்டில் ஒட்டியவை. அப்படியும் அது வேலை செய்தது. தெற்கத்தி ராப்பில் ஆளைக் காணோம் என்றால் ஆறே மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

சேமிப்பு என்றால் ஹார்ட் டிஸ்க்கில் எம்பி3 இருப்பது அல்ல. எவனாவது உள்ளே போகிறான் என்று தெரிந்தால், சரணடையும் தேதிக்கு முன் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாட்டின் குரலையும் எஃபெக்ட் எதுவும் இல்லாமல் 24 பிட் வேவ் ஃபைலாக, பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கி எடுத்து வைக்க வேண்டும். செஷன் ஃபைலை மட்டும் நம்பினால் மூன்று வருடம் கழித்து பாதி பிளக்இன் (ஒலியைத் திருத்தும் துணை மென்பொருள்) திறக்காது. ஃபைல் பெயரிலேயே டெம்போ, கீ, பீட் போட்டவர் பெயர், தேதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். இதைவிட முக்கியம் ஸ்ப்ளிட் ஷீட்: யார் எழுதியது, யாருக்கு எத்தனை சதவீதம், எல்லோருடைய கையெழுத்து. உள்ளே போனவரிடம் பிறகு கையெழுத்து வாங்க முடியும், ஆனால் தபாலில் வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குள் பீட் போட்டவர் தகராறு கிளப்பினால், விநியோக நிறுவனம் பாட்டை இறக்கிவிடும்.

அடுத்தது பவர் எழுதிக் கொடுப்பது. பெரும்பாலான நாசம் இங்கேதான். அம்மாவுக்கோ மேனேஜருக்கோ மொத்த அதிகாரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படிக் கூடாது. பணம் வசூலிக்க, வெளியிட, ஒற்றைப் பாட்டு அளவில் உரிமம் கொடுக்க மட்டும் அதிகாரம். மாஸ்டர் (ஒலிப்பதிவின்) உரிமையையோ பப்ளிஷிங்கையோ (பாட்டு எழுதியதற்கான உரிமை) விற்கும் அதிகாரம் கிடையாது என்று தனி வரியாகவே எழுத வேண்டும். முடிவு தேதி வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அது வழக்கறிஞருக்கும் ஒரு பிரதி. வசூலிப்பவரும் வெளியிட முடிவெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

லேபிள் ஒப்பந்தம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, "ஏழு வருடம் உள்ளே இருந்தால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும்" என்று. முடியாது. கலைஞரால் பாட்டு கொடுக்க முடியாத காலத்தை லேபிள் கணக்கிலிருந்து நிறுத்திவைக்கும் ஷரத்து வழக்கமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். வெளியே வந்த அன்று கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓடும். அட்வான்ஸ் பாக்கியும் அப்படியே நிற்கும். அவரைக் கையெழுத்துப் போட வைத்த ஆட்கள் அந்த ஆபீசிலேயே இல்லாமல் போயிருப்பார்கள். பாபி 2022-இல் எபிக்கை விட்டுப் பிரிந்தார், அதன் பிறகுதான் பாட்டுகள் அடுத்தடுத்து வந்தன. விடுதலைக்கு ஒரு வருடம் இருக்கும்போதே வழக்கறிஞர் மூலம் லேபிளுக்குக் கடிதம் எழுதி, முதல் பாட்டுக்கு ஒப்புதல் தருபவர் யார், எத்தனை நாளில் தருவார் என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு பேசினால் அந்தப் பேச்சே ஆறு மாதம் தின்றுவிடும்.

நிபந்தனை_ஜாமீன்:

டேப்_பெட்டி சொன்னதற்கு மேல் சட்டப் பக்கம். ஃபெடரல் வழக்கு என்று வைத்துக்கொள்கிறேன், மாநில பரோல் ஒவ்வொன்றும் வேறு.

உள்ளே: ஃபெடரல் சிறை விதிப்படி கைதி கையெழுத்துப் பிரதியாகப் படைப்புகள் எழுதலாம், அதற்கு ஊழியர் அனுமதி தேவையில்லை, வெளியீட்டுக்காகவும் எழுதலாம். அந்த விதியின் விளக்கத்திலேயே இசையும் பாட்டு வரியும் பெயர் சொல்லி வருகின்றன. சாதாரணத் தபாலில் அனுப்பலாம். ஆனால் வியாபாரம் நடத்தக் கூடாது, ஒழுங்கு விதிப் பட்டியலில் எண் 334. ஆகவே "இந்த மூன்று வரியை மாற்றினேன், பார்" என்று எழுதினால் சரி. "அந்த விநியோகஸ்தரிடம் இத்தனை சதவீதம் கேள், பணத்தை அந்தக் கணக்கில் போடு" என்று போனில் சொன்னால் மாட்டிக்கொள்வார். வியாபார முடிவை பவர் வாங்கியவர் எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

போன் அழைப்பு ஒன்றுக்கு 15 நிமிடம், மாதத்துக்கு வழக்கமாக 300 நிமிடம். மூன்றாவது ஆளை லைனில் இணைப்பது குற்றம், போன் சலுகை போகும், நன்னடத்தை நாட்களும் குறையலாம். பதிவுக்காக ஸ்டுடியோ லைனை இணைக்கிறேன் என்று பலர் விழுவது இங்கேதான். ஸ்டுடியோ எண்ணையே நேரடியாக அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எல்லா அழைப்பும் பதிவாகிறது, அரசு வழக்கறிஞர் கேட்கலாம். வழக்கு அப்பீலில் இருந்தால் சம்பவத்தைத் தொடும் ஒரு வரிகூடப் போனில் பாடக் கூடாது. பாட்டு வரியைச் சாட்சியமாக ஏற்பதற்குக் கலிஃபோர்னியா 2023 ஜனவரி முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாடு முழுக்க அப்படி ஒரு சட்டம் இல்லை.

வெளியே: ஃபெடரல் சட்டத்தில் தண்டனையின் கடைசிப் பகுதியை வீட்டுக்காவலில் கழிக்கலாம், மொத்தத் தண்டனையில் 10 சதவீதம் அல்லது ஆறு மாதம், இதில் எது குறைவோ அது. கூச்சிக்கு விதித்த தண்டனை 39 மாதம். 10 சதவீதம் என்றால் நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. மே கடைசியில் வந்தவர் செப்டம்பர் வரை வீட்டில் இருந்தது இதற்குப் பொருந்துகிறது. ஆல்பத்தை வீட்டு ஸ்டுடியோவில் பதிவு செய்தது ஏன் என்பதற்குப் பதில் இதுதான். வேறு இடத்துக்குப் போக ஒவ்வொரு முறையும் முன்கூட்டி நேர அட்டவணை கொடுத்து அனுமதி வாங்க வேண்டும்.

ஃபாக்ஸ் தியேட்டரும் அதே கணக்குதான். சுமார் 4,600 இருக்கை, உட்கார்ந்து பார்க்கும் அரங்கு, ஊர் எல்லைக்குள். எந்த மணிக்கு வருகிறார், எந்த மணிக்குப் போகிறார் என்று காகிதத்தில் காட்ட முடியும். அதே ஜூலையில் வேறு மாநிலத்து ஃபெஸ்டிவல் என்றால் அனுமதி கேட்பதே வேறு கதை.

அதன் பிறகு மேற்பார்வைக் காலம். விடுதலையான 72 மணி நேரத்தில் ப்ரொபேஷன் ஆபீசில் ஆஜராக வேண்டும். முதல் 15 நாளுக்குள் ஒரு போதைப் பரிசோதனை, பிறகு குறைந்தது இரண்டு. கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி விற்கலாம், ஆனால் ஃபெடரல் மேற்பார்வையில் இருப்பவருக்கு அது மீறல். வாரம் குறைந்தது 30 மணி நேர வேலை காட்ட வேண்டும். ராப்பருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் ஸ்டுடியோ நேரப் பதிவு, இன்வாய்ஸ், ஷோ ஒப்பந்தம் எல்லாம் மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் இருக்க வேண்டும்.

ராப்பர்களை அதிகம் கடிக்கும் நிபந்தனை வேறு: பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்று தெரிந்த ஒருவரோடு, அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொடர்பு கொள்ளக் கூடாது. பழைய குழுவில் பாதிப் பேர் அந்த வகை. சேர்ந்து பாட வருபவர், ஹைப்மேன் (மேடையில் கூடவே நின்று உற்சாகமூட்டுபவர்), டிரைவர், ஏன், இன்ஜினியர்கூட. முதல் சந்திப்பிலேயே பெயர்ப் பட்டியலை அதிகாரியிடம் கொடுத்து "வேலைக்காக, இந்த இடத்தில், இந்த நேரத்தில்" என்று எழுத்தில் அனுமதி வாங்குவது ஒரே வழி. ஸ்டுடியோவில் பத்துப் பேரோடு இருக்கும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் அதிகாரி பார்ப்பார்.

துப்பாக்கி: வீடியோவில் பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம். அது பொம்மை என்று நிரூபிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் தலையில் விழும். பாதுகாவலர் ஆயுதம் வைத்திருந்தால் அவர் தனி நிறுவனத்தின் ஆளாக, தனி வண்டியில் வர வேண்டும். நிபந்தனை கைவசம் வைத்திருப்பதோடு நிற்கவில்லை, எட்டும் நிலையில் இருப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. ஆயுதம் வைத்திருந்ததற்காகவே உள்ளே போனவருக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. மீறினால் அந்த வகைக் குற்றத்தில் இரண்டு வருடம் வரை திரும்ப உள்ளே போகலாம்.

ஒரு வருடம் ஒழுங்காகப் போனால், மேற்பார்வையை முன்கூட்டியே முடிக்கக் கோரி மனு போடச் சட்டம் இடம் தருகிறது.

அனுமதி விஷயத்தில் ராப்பர் மீக் மில்லைப் பாருங்கள். 2008 வழக்கின் ப்ரொபேஷன் பத்து வருடத்துக்கும் மேல் இழுத்தது. 2014-இல் உள்ளே போனார், பயணத் திட்டத்தைச் சரியாகத் தெரிவிக்காததும் புகார்களில் ஒன்று. 2017 நவம்பரில் இரண்டிலிருந்து நான்கு வருடம் என்று தீர்ப்பு, 2018 ஏப்ரல் 24-இல் வெளியே வந்தார். ஒவ்வொரு முறையும் தொழில் அறுந்து மறுபடி முடிச்சுப் போட வேண்டியிருந்தது. ஒரு ராப்பரின் வேலையே ஊர் ஊராகப் போவது. அதை இப்படிப் பத்து வருடம் கட்டிவைப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் காகிதம் சரியாக இருந்தால் தாக்குப் பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

குறைந்த_அலை:

ஒலிப் பக்கம் யாரும் தொடவில்லை.

போன் பதிவு தேறும், என்ன கிடைக்கும் என்று தெரிந்து செய்தால். ட்ரேக்கியோ தி ரூலர் என்ற ராப்பர் 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் சிறையிலிருந்து முழு ஆல்பத்தையே போனில் பாடினார், ஜூக்ஸ்ஜென் என்கிற தயாரிப்பாளர் வெளியே இருந்து பதிவு செய்தார். 1992-இலேயே ராப்பர் மேக் ட்ரே ஃப்ரெஸ்னோ கவுண்டி சிறைப் போனில் இதைச் செய்துவிட்டார்.

பழைய வகைப் போன் லைன் கடத்துவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, ஆகவே ஈக்வலைசரில் 8,000 ஹெர்ட்ஸைத் தூக்கினால் இரைச்சல்தான் எழும். லேசான சாச்சுரேஷன் (வேண்டுமென்றே சேர்க்கும் மெல்லிய ஒலிச் சிதைவு) போட்டால் மேல் ஒத்திசைகள் புதிதாகப் பிறந்து குரல் கொஞ்சம் முன்னால் வரும். 'எஸ்', 'எஃப்' ஒலிகளின் வேறுபாடு பெரும்பாலும் 4,000-க்கு மேலே இருப்பதால் போனில் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். அந்த ஒலியில் தொங்கும் எதுகையைத் தவிர்த்து 'டி', 'கே', 'பி' போன்ற வெடிப்பொலிகளில் வரியை முடிப்பது நல்லது.

பீட்டை லைனில் ஓட விட்டு அதன் மேல் பாட வைக்காதீர்கள். பீட் அவர் காதுக்குத் தாமதமாகப் போகும், குரல் இன்னும் தாமதமாகத் திரும்பும், போதாததற்கு லைனின் எதிரொலி தடுப்பான் ஒரு பக்கம் ஒலித்தால் மறுபக்கத்தை அமுக்கும். சொற்களின் முதல் அசை வெட்டுப்படும். சரியான முறை: பீட் இல்லாமல், விரலால் தாளம் தட்டி, நான்கு எண்ணிவிட்டுப் பாடுவது. ஒரு மூச்சுக்கு நான்கு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), நிறுத்தம், அடுத்த நான்கு. வெளியே இருப்பவர் பார் பாராக வெட்டி பீட்டில் பொருத்துவார். 15 நிமிட அழைப்பில், முகமன், தானியங்கி அறிவிப்பு எல்லாம் போக, 16 பார் வெர்ஸ் இரண்டு டேக் எடுத்தாலே நல்ல வேகம். ஸ்பீக்கரில் போட்டு மைக் பிடித்தால் அறையின் எதிரொலியும் ஏறிவிடும். லைனிலிருந்து நேரடியாக இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி) எடுங்கள்.

வெளியே வந்த பின் குரல். மூன்று வருடம் செல்லில் முணுமுணுத்தே எழுதிப் பழகியவருக்கு வார்த்தை இருக்கும், வீச்சு இருக்காது. உடம்பு இளைத்திருந்தால் மூச்சுப் பிடிக்கும் இடமும் மாறியிருக்கும், பழைய ஃப்ளோவில் (சொற்களைத் தாளத்தில் ஓட்டும் பாணி) மூச்சு வாங்கிய இடம் இப்போது பொருந்தாது. கூச்சியின் 2013 பதிவையும் 2016 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். போதைக்காகக் குடித்த கோடீன் இருமல் சிரப்பை விட்ட பிறகு உச்சரிப்பு கூர்மையாகி, சொல்லின் கடைசி மெய் தெளிவாக விழுகிறது. பழைய குரலுக்கு வைத்திருந்த செட்டிங்கை அப்படியே ஏற்றினால் பிசிறும். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, கம்ப்ரசர் 4-க்கு 1, அமுக்கம் 4 முதல் 6 டெசிபல், உச்சம் மைனஸ் 10 அருகில், இங்கிருந்து தொடங்குங்கள். வீட்டு அறையின் தகரடப்பா ஒலி 200 முதல் 400 ஹெர்ட்ஸில் உட்காரும். பின்னால் தடித்த போர்வை, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம்.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உரக்கப் பாட வைக்காதீர்கள். உற்சாகத்தில் முதல் நாள் எட்டு மணி நேரம் கத்துவார்கள், மூன்றாம் நாள் குரல் இருக்காது. கரகரப்பு இரண்டு மூன்று வாரம் தாண்டினால் தொண்டை டாக்டரிடம் போக வேண்டும்.

கூச்சியின் ஆல்பம் ஆறு நாளில் முடிந்தது என்று அப்போது செய்தி வந்தது. அதை அவர் வேகம் என்று மட்டும் பார்க்காதீர்கள். பீட் போட்டவர்கள் மைக் வில்லும் ஸேடோவனும், பத்து வருடப் பழக்கம். அவர் எந்த டெம்போவில் சௌகரியம் என்று அவர்களுக்குத் தெரியும். புதுத் தயாரிப்பாளரோடு போயிருந்தால் ஆறு நாள் அறிமுகத்திலேயே போயிருக்கும்.

கணக்குப்பிள்ளை:

பணம் பற்றிச் சுருக்கமாக. உள்ளே இருக்கும்போது பழைய முகவரிக்குத் தபால் போய்க்கொண்டிருக்கும், வங்கிக் கணக்கு உபயோகமில்லாமல் மூடியிருக்கும், ராயல்டி திரும்பிப் போய்க் காத்திருக்கும். வந்த வாரமே நான்கு இடத்தில் முகவரி, வரிப் படிவம், வங்கி எண் மூன்றையும் புதுப்பிக்க வேண்டும்: பாட்டு எழுதியதற்கு ஆஸ்காப் அல்லது பிஎம்ஐ, ஸ்ட்ரீமிங் மெக்கானிக்கலுக்கு (பாட்டை எழுதியவருக்கு ஸ்ட்ரீமிங்கில் வரும் தொகை) 2021-இல் வேலை தொடங்கிய எம்எல்சி, இணைய வானொலிக்கு சவுண்ட்எக்ஸ்சேஞ்ச், கடைசியாக விநியோக நிறுவனம்.

அதிகம் விட்டுப்போவது சவுண்ட்எக்ஸ்சேஞ்ச். அங்கே வசூலில் 50 சதவீதம் மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 முதன்மைக் கலைஞருக்கு, 5 உடன் வாசித்தோர் நிதிக்கு. அந்த 45, லேபிளின் அட்வான்ஸ் பாக்கியில் கழியாமல் கலைஞர் கைக்கே நேராக வரும். மூன்று வருடம் கேட்காமல் கிடந்தால் உரிமை போகலாம். மூன்று வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவருக்கு அந்தக் கெடுவே தாண்டிவிடும், அதனால் பதிவை உள்ளே போகும் முன்பே முடிக்க வேண்டும்.

பிடித்தங்களும் உண்டு. நஷ்டஈடு உத்தரவு இருந்தால் விடுதலைக்குப் பின் 20 வருடம் வரை வசூலிக்கலாம். குழந்தை பராமரிப்புப் பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் கிடையாது. நியூயார்க் வழக்கு என்றால், 10,000 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவர் பாதிக்கப்பட்டோர் சேவை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய அட்வான்ஸ் வாங்கும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

தெற்கத்தி_ட்ராப்:

நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. இன்னும் ஒன்று மட்டும்: பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் வெளிநாட்டு டூர் நடக்குமா? பணம் அங்கேதானே இருக்கிறது?

நிபந்தனை_ஜாமீன்:

உடனே நடக்காது. பிரிட்டன் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கும். ஆஸ்திரேலியாவின் நடத்தைத் தேர்வும் 12 மாதத்தில்தான் தட்டும். ஜப்பான் ஒரு வருடத் தண்டனைக்கே கதவை மூடும், போதை வழக்கு என்றால் தண்டனை எவ்வளவு குறைவு என்றுகூடப் பார்க்காது. கனடாவில் மேற்பார்வைக் காலமும் சேர்த்து எல்லாம் முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் நிரந்தரத் தீர்வுக்கு மனு, அதற்கு முன் தற்காலிக அனுமதிதான் வழி, அதிகாரி மனது வைத்தால். இது போக, மேற்பார்வையில் இருக்கும்வரை அமெரிக்காவை விட்டு வெளியேற அதிகாரியின் அனுமதி தனி.

உள்ளூரிலேயே எல்லை குறுகலாம். அட்லாண்டா ராப்பர் யங் தக் 2024 அக்டோபர் 31-இல் வெளியே வந்தபோது 15 வருட ப்ரொபேஷன், அதில் முதல் பத்து வருடம் குடும்பக் காரியம் போன்ற விதிவிலக்கு தவிர அட்லாண்டா பெருநகரப் பகுதிக்குள் இருக்கக் கூடாது என்று நிபந்தனை. அவருடைய ஸ்டுடியோவும் ஆட்களும் இருப்பது அந்த ஊரில்.

முதல் இரண்டு வருட வருமானத்தை உள்நாட்டு ஷோ, பிறர் பாட்டில் வெர்ஸ் என்று போடுங்கள். வெர்ஸுக்கு விசா வேண்டாம், ஃபைலாக அனுப்பினால் போதும், பாதிப் பணம் முன்கூட்டி. உள்நாட்டு ஷோவுக்கு அனுமதி கேட்கும்போது குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஒரே தாளில் தேதி, விமான எண், ஹோட்டல் முகவரி, அரங்கு முகவரி, ஏற்பாட்டாளர் போன், திரும்பும் நேரம், கூடவே ஒப்பந்த நகல். ஒப்பந்தத்தில் "அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன், வேறு அபராதம் கிடையாது" என்ற ஷரத்து கட்டாயம். அது இல்லாமல் கையெழுத்துப் போட்டு, அனுமதி வராமல், ஏற்பாட்டாளர் வழக்குப் போட்டால், அந்த வழக்கும் ப்ரொபேஷன் கோப்பில் போய்ச் சேரும்.